கோட்டைச்சாமி மூடுன கெணறு

சீடனுக்கு வயசு அம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தொண்ணு, அதுவும் பொம்பளப்புள்ள. அதனால அவரு சீடனாவா வந்தாரு? சண்ட போடத்தான் வந்தாரு.

கோட்டைச்சாமி கெணறு வெட்டுறவரு. கரிசக்காட்டுல எம்பது தொண்ணூறு அடி பாறையப் பொளந்து தண்ணி எடுத்த கையி. வாயத் தெறக்குறதுக்கு முன்னால ஒரு செருமு செருமுவாரு, மோட்டாருக்குக் கயிறு இழுக்குற மாதிரி. அதுக்கப்புறம்தான் பேச்சு ஓடும்.

சிப்பிமுனையில மூணு பக்கமும் கடலு, நடுவுல நாப்பது வீடு. அந்த ஊரு பொம்பளைங்க கரையோரம் மணல முட்டளவு நோண்டுவாங்க. அதுல ஊறுறத தேங்காச் சிரட்டையால மொண்டு குடத்துல ஊத்துவாங்க. அதத்தான் ஊத்துன்னு சொல்றது. ஒரு சோலியா அங்க வந்த கோட்டைச்சாமி அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"க்ரும்... கோழி இதவிட ஆழமாக் கிண்டும்."

ஊருக்கு ரோசம் வந்துருச்சு. அவரையே வெட்டச் சொன்னாங்க. முப்பதடிக்கு சிமெண்டு உறை இறக்கி மோட்டாரு போட்டாரு. மூணு நாளு நல்ல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. மால போட்டாங்க. நாலாம் நாளு டீ உப்புக் கரிச்சுது. மாமியாளுங்க மொதல்ல மருமகளுங்களத்தான் சந்தேகப்பட்டாங்க. எட்டாம் நாளு கெணறு முழுக்க உப்பு. சுத்தியிருந்த ஊத்துகளும் உப்பாப் போச்சு. நாப்பது வீட்டுக்கும் குடிக்கத் தண்ணியில்ல.

இன்னும் பத்தடி இறக்குனா சரியாயிரும்னு இவரு நின்னாரு. எதுக்கும் அமலோற்பவத்தக் கேளுங்கன்னாங்க ஊர்க்காரங்க. எங்க நோண்டுனா ஊறும்னு அந்த ஊருக்குக் கை காட்டுறவ அவதான். நோண்டி நோண்டி நீதான் என் கெணத்தக் கெடுத்தேன்னு அவ வாசல்ல போயி நின்னு கத்துனாரு.

 அவ ஒரு தூக்குவாளில பாதிக்குக் கடத்தண்ணிய மொண்டா. மேல ஒரு பூவரச எலயப் போட்டா. வீட்டுல மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணி. அத எல மேல சொட்டுச் சொட்டா விட்டா. அவ ஊத்தி முடிக்கிற வரைக்கும் இவரு கத்திட்டுதான் இருந்தாரு. அப்புறம் எலய மெல்ல எடுத்தா.

"அண்ணே, மேலாப்புல வாய வச்சு உறிஞ்சுங்க."

உறிஞ்சுனாரு. "நல்ல தண்ணி."

ஒரு பப்பாளித் தண்ட அடி வரைக்கும் விட்டா. "இப்ப இழுங்க."

இழுத்தாரு. பச்சப்புள்ள எலுமிச்சம்பழத்த நக்குன மாதிரி மூஞ்சி போச்சு.

வாளிக்குள்ள எட்டிப் பாத்தாரு.

"எப்படித் தாயி கலக்காம நிக்குது?"

"கடத்தண்ணி கனம், மழத்தண்ணி லேசு. மணலுக்குள்ளயும் அப்படித்தான், மேல படுத்துக் கெடக்கும். தொந்தரவு பண்ணாத வரைக்கும்."

"அப்ப என் மோட்டாரு?"

பப்பாளித் தண்ட உருவி அவரு கையில குடுத்தா.

அவரு செருமல. மெதுவாத்தான் கேட்டாரு. "இப்ப என்ன செய்ய?"

"மூடுங்க."

முப்பத்தஞ்சு வருசத்துல எத்தன கெணறு வெட்டுனாருன்னு அவருக்கே கணக்கு தெரியாது. மூடுனது ஒண்ணு கூட இல்ல. ஆளுக ஒத்தாசைக்கு வந்தாங்க, வேணாம்னுட்டாரு. அஞ்சு நாளு, கூட கூடயா மணல அள்ளி தானே கொட்டுனாரு. அழுதாருன்னும் சொல்றாங்க, வேர்வைன்னும் சொல்றாங்க.

மூடிட்டு ஊருக்குப் போவாருன்னு பாத்தா போகல. அமலோற்பவம் போற எடமெல்லாம் பின்னாலயே போனாரு. ஊரு லாரித் தண்ணிக்குக் குடத்தோட வரிசையில நிக்கும். இவரு எல்லாருக்கும் கடைசியில நிப்பாரு.

ஒரு நாளு கேட்டாரு, ஊத்துக்கு எத்தன ஆழம் போகலாம்னு.

"இங்க யாரும் ஆழம் கேக்க மாட்டோம்ண்ணே. அகலந்தான் கேப்போம்."

ஐப்பசியில புடிச்ச மழ கார்த்திகை தாண்டியும் விடல, மணலு குடிச்சிக்கிட்டே இருந்துச்சு. மழ வெறிச்ச அன்னிக்கு அமலோற்பவம் அவரக் கரைக்குக் கூட்டிட்டுப் போயி, நீங்களே நோண்டுங்கன்னா. அல பத்தடி தள்ளி வந்து வந்து போகுது. கையாலயே வாரிப் போட்டாரு, அகலமா. முட்டளவுல நிறுத்திட்டாரு. கொஞ்ச நேரத்துல மணலு கருத்துச்சு, ஈரமாச்சு, கண்ணாடி மாதிரி தண்ணி ஊறி வந்துச்சு. நாக்குல வைக்கவே பயந்தாரு. வச்சாரு.

நாப்பது வீட்டுக்கும் கேக்குற மாதிரி சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சிட்டு கடல மொறச்சாரு.

"க்ரும்... எப்பேர்ப்பட்ட தண்ணி. இதக் கெடுக்குறதுக்குன்னே அடியில வந்து படுத்திருக்கு பாரு தாயி, சனியன் புடிச்ச கடலு. இது மட்டும் இல்லாம இருந்தா..."

அமலோற்பவம் ஊத்துல ஒரு கை அள்ளிக் குடிச்சா. வாயத் தொடச்சிக்கிட்டா.

"இல்லாம இருந்தா, பேஞ்ச மழ நேரா பாதாளத்துக்குப் போயிருக்கும்ண்ணே. உங்களுக்கு முட்டளவுல எட்டுற மாதிரி, கீழ இருந்து அத யாரு ஏந்திக்கிட்டு நிக்கிறான்னு நெனச்சீங்க?"