அறுபத்து நாலு கிலோ சங்கிலி

முடக்கத்தான்பட்டியில் கபடி ஆடத் தெரிந்தவர்கள் ஏழே பேர். கபடிக்கு வேண்டியதும் ஏழு பேர்தான் என்பதால் ஊரில் யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை. ஆனால் பங்குனிப் பொங்கலுக்குப் பக்கத்து ஊரான கரட்டுப்பட்டியில் நடப்பது அறுபது கிலோ கபடி. அறுபதைத் தாண்டியவன் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

ஏழாவது ஆளான சங்கிலி போன வருஷமே தாண்டியிருந்தான். நெல் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்து அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு பேர் ஆடி, ஏழு பேர் உதை வாங்கினார்கள். ஏழாவது உதை சங்கிலிக்கு வீட்டில் கிடைத்தது. கரட்டுப்பட்டி அணியின் கேப்டன் கருத்தபாண்டி, சங்கிலியின் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி. தம்பி சிரித்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"மச்சான் இந்த வருஷமும் வெளிய உட்கார்ந்து விசில் அடிக்கட்டும். ஆட்டத்தைவிட அது நல்லா வருது அவருக்கு" என்று கருத்தபாண்டி தை மாசமே சொல்லி அனுப்பிவிட்டான்.

சங்கிலி அன்று இரண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டான். விஷயம் அவ்வளவு தூரம் முற்றிவிட்டது.

முடக்கத்தான்பட்டி கேப்டன் ஒச்சப்பன் டவுனுக்குப் போய், ஜிம் மாஸ்டரிடமிருந்து கண்ணாடித் தட்டுபோல ஒரு மிஷினை வாங்கிவந்தான். செருப்பில்லாமல் ஏறி நின்றால் எடை சொல்லும். உடம்பில் நூற்றுக்கு எவ்வளவு கொழுப்பு என்றும் சொல்லும்.

முதல் நாள் காலையில் சங்கிலி வீட்டு வாசலில் அதை வைத்தார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. பஞ்சவர்ணம் குழாயடியிலிருந்து சங்கிலியைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒச்சப்பனுக்கு விக்கல். மிஷின் அறுபத்து நாலு என்றது. கொழுப்பு இருபத்தெட்டு.

"இருபத்தெட்டு கொழுப்புன்னா மிச்சம் எழுபத்திரண்டு யாரு?" என்று கேட்டான் சின்னாண்டி. அணியில் யோசிக்கிற வேலை அவனுடையது.

"அது சங்கிலி" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப சங்கிலி எதுக்கு ஓடணும்? தப்புப் பண்ணினது கொழுப்பு. அதுவே ஓடட்டும்."

"தனியா விட்டா எங்கயாவது போயிருமேடா."

வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொழுப்பு கண்மாயைச் சுற்றி ஓடும். சங்கிலி துணைக்குப் போவான். அவன் திரும்பி வந்தபோது, துணைக்குப் போனவனுக்கு ஏன் இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

மறுநாள் மிஷின் அறுபத்தைந்து காட்டியது. கொழுப்பு முப்பத்தொன்று. அதற்கடுத்த நாள் சங்கிலி ஓடாமல் தூங்கிவிட்டு வந்து ஏறினான். அறுபத்து மூன்று. கொழுப்பு இருபத்தைந்து.

"ஓடினா ஏறுது, படுத்தா இறங்குது" என்றான் சங்கிலி. "நான் வேணும்னா பங்குனி வரைக்கும் படுத்துக்கிறேன்."

"மிஷினே பொய் சொல்லுதோ என்னவோ" என்றான் சின்னாண்டி. "எடை மாறாத ஆள் ஒருத்தரை ஏத்திப் பார்ப்போம்."

ஊரில் எடை மாறாத ஆள் அரசமரத்தடிப் பிள்ளையார் ஒருவர்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தூக்கிவந்து வைத்தார்கள். நாற்பத்தொன்று. கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் வந்தன.

"சாமிக்குக் கொழுப்பே இல்லைங்குது."

"இருக்கு. சொல்லப் பயப்படுது."

மறுநாள் சங்கடஹர சதுர்த்தி. பூசை முடிந்த கையோடு ஈர வேட்டியும் அருகம்புல் மாலையும், மடியில் கொழுக்கட்டைத் தட்டுமாகப் பிள்ளையாரை மறுபடி ஏற்றினார்கள். நாற்பத்து நாலு.

சங்கிலிக்கு மனசு விட்டுப்போனது. "சாமியாலயே ஒருநாள் வாயைக் கட்ட முடியல. நான் மனுசன்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஒச்சப்பன் பதறிப்போய் ஜிம் மாஸ்டருக்கு போன் போட்டான்.

"மிஷின் முன்னப் பின்னதான் காட்டும்யா" என்றார் மாஸ்டர். "தண்ணி குடிச்சா ஒண்ணு, வேர்த்தா ஒண்ணு. தினமும் ஒரே மாதிரி வச்சு அளக்கணும். முதல் நாள் எப்படி இருந்துச்சோ, எல்லாம் அப்படியே இருக்கணும். புரியுதா?"

புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாளிலிருந்து இரண்டு பேர் கூரைமேல் ஏறிச் சல்லடை வழியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் நாள் நின்ற வெள்ளாடு அதற்குள் குழம்பாகிவிட்டதால் அதன் தங்கையைக் கொண்டுவந்து கட்டினார்கள். விக்கல் வருவதற்காக ஒச்சப்பன் தினமும் ஒரு பிடி பொரிகடலை மாவை வாயில் கொட்டி விழுங்கினான். பஞ்சவர்ணத்திடம் போய், "மதினி, அன்னைக்குத் திட்டினது மாதிரி ஒரு தடவை திட்டுங்க" என்று கும்பிட்டார்கள்.

"எதுக்குடா திட்டணும்? அவரு இப்ப சும்மாத்தானே இருக்காரு."

"கோபம் வேணாம் மதினி. வார்த்தை மட்டும் போதும்."

"உங்களையெல்லாம் பெத்தாங்களா, இல்ல அவிச்சுக் கொட்டினாங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"இது வேற திட்டு" என்று கவலைப்பட்டான் சின்னாண்டி.

இதையெல்லாம் போர்வை இடுக்கு வழியாகப் பார்த்த சங்கிலிக்குக் கண் கலங்கியது. தனக்காக ஒருத்தன் மாவில் மூச்சுத் திணறுகிறான், ஓர் ஆடு ஜலதோஷம் பிடித்து நிற்கிறது. எழுந்து ஓட ஆரம்பித்தான். மிஷின் என்ன சொன்னாலும் ஓடினான். மழை பெய்த அன்றும் ஓடினான். கறிக்குழம்பு வாசனை வந்த தெருவில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினான். பங்குனி பிறந்தபோது அவன் கைலி இடுப்பில் நிற்க மறுத்தது. மிஷின் ஐம்பத்தொன்பது என்றது.

அணி துக்கத்தில் ஆழ்ந்தது.

"எல்லாம் முதல் நாள் மாதிரியேதான் வச்சிருக்கோம்" என்றான் ஒச்சப்பன், விக்கலுக்கு நடுவே. "அப்புறமும் அறுபத்து நாலு வரமாட்டேங்குதே."

சின்னாண்டி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தூறல் சரி. ஆடு சரி. திட்டும் ஏறக்குறைய சரி. கடைசியில் சங்கிலியின் வயிற்றில் அவன் பார்வை நின்றது.

"இவன்தான் மாறிட்டான்" என்றான் மெதுவாக.

எல்லோரும் சங்கிலியைப் பார்த்தார்கள். சங்கிலி தலை குனிந்தான். "நான் வேணும்னு செய்யலப்பா" என்றான்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. வீட்டுக்கு வீடு சோறு வந்தது, நெய் வந்தது, பனங்கிழங்கு வந்தது. சங்கிலி கண்மாய்ப் பக்கம் போகாதபடி காவல் போட்டார்கள். போட்டிக்கு முந்தின நாள் காலையில் மிஷின் அறுபத்து நாலு காட்டியது. கொழுப்பு இருபத்தெட்டு. ஒச்சப்பன் சங்கிலியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

கரட்டுப்பட்டியில் சங்கிலி தராசில் ஏறினான். அந்தத் தராசை எலி கடித்திருந்ததோ, ஈரம் குடித்திருந்ததோ, முள் அறுபதில் போய் நின்றுவிட்டது.

"அறுபது. உள்ள போ" என்றார் நடுவர்.

"பொய்" என்றான் ஒச்சப்பன். "அவன் அறுபத்து நாலு."

"யோவ், உன் ஆளு தேறிட்டான்யா."

"எங்க ஆளைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? உங்க தராசு தப்பு."

"அத்தனை பேர் உழைச்சு ஏத்தின உடம்பு இது" என்றான் சங்கிலி. நடுவர் பக்கம் திரும்பி வயிற்றைத் தட்டிக் காட்டினான். "நாலு கிலோவை அப்படியே முழுங்கப் பாக்குறீங்களே, நியாயமா?"

நடுவர் வெகுநேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, அறுபத்து நாலு என்று எழுதிச் சங்கிலியை வெளியே அனுப்பினார். ஆறு பேரும் ஆடித் தோற்றார்கள். தோற்றுவிட்டுச் சங்கிலியைத் தோளில் தூக்கி, மேளத்தோடு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

கருத்தபாண்டி வழியை மறித்தான். "தோத்ததுக்கு எதுக்கு மச்சான் இவ்வளவு கொண்டாட்டம்?"

"ஆட்டத்துலதான் தோத்தோம் மாப்ளே" என்றான் சங்கிலி மேலேயிருந்து. "எடையில ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்கல."