தளவாய் செய்த வண்டிக்கு முதல் சுற்று

செங்கானூர் ராஜாவுக்கு ஒரு போர் வேண்டியிருந்தது. காரணம் பிறகு கிடைக்கும், முதலில் வண்டி என்றார் தளவாய் உத்தண்டராயர். ஆறு பேர் உட்காரும் கவச வண்டி. ஆனால் இரண்டே குதிரை பூட்டினால் பறக்கும். அப்படி ஒன்றைச் செய்து அரண்மனை முற்றத்தில் நிறுத்தியும்விட்டார்.

சபையைச் சிரிக்க வைப்பது ஏகாம்பரத்தின் உத்தியோகம். அவன் வண்டியைச் சுற்றி வந்தான். முன்பக்கம் பளபளவென்று இரும்புத் தகடு. பக்கவாட்டில் எருமைத்தோல், அதற்கு இரும்பு நிறத்தில் சாயம். குனிந்து பார்த்தான். அடியில் பிரம்புப் பின்னல்.

"ஏன் தளவாயாரே, எதிரிகள் எல்லாரும் முன்னால் வந்து நின்று, சொல்லிவிட்டுத்தான் அம்பு விடுவார்களோ?"

சபை சிரித்தது. தளவாய் சிரிக்கவில்லை. ராஜாவின் காதோரம் போய், நாளை எல்லைக்குப் புறப்படும் இந்த வண்டியில் ஏகாம்பரமும் ஏறட்டும், வீரர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். ராஜாவும் நல்ல யோசனை என்றுவிட்டார்.

ஏகாம்பரம் சிரித்த முகம் மாறாமல் கும்பிட்டான். வீட்டில் இன்னும் தலை நிற்காத பெண் குழந்தை. அன்று காலைதான் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தது. மறுத்தால் கோழை, அதற்கு மேல் ராஜத் துரோகி. அவன் மறுக்கவில்லை.

மறுநாள் வண்டிக்குச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏகாம்பரம் படியில் கால் வைத்து, உடனே பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

"ஒரு குறை, மகாராஜா. நம் ஊரில் புது வண்டிக்கு முதல் சுற்று, செய்தவர் வீட்டுப் பிள்ளையை ஏற்றித்தானே? அதை விட்டுவிட்டுப் போருக்குப் போகலாமா?"

வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். போர் வண்டி என்பதால் நாலு பக்கமும் வில்லாளிகள் அம்பு விட, கோட்டையை ஒரு சுற்று சுற்றினால் பொருத்தமாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தான். ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். தளவாயின் கடைக்குட்டியை அழைத்துவரச் சொன்னார்.

"பிள்ளைக்குச் சளி, மகாராஜா."

"மூடின வண்டிதானே ஓய், காற்று படாது" என்றார் ராஜா.

தளவாய் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "தோல் அம்பைத் தாங்காது, மகாராஜா."

"அடிப்பக்கம்?"

"பிரம்பு. ஈட்டி சுலபமாக ஏறிவிடும்."

"அப்படியானால் பின்கதவைத் திறந்து குதித்துவிட வேண்டியதுதான்."

"அது... வெளியிலிருந்துதான் திறக்கும்."

ராஜா வண்டியைப் பார்த்தார். உள்ளே ஏறக் காத்திருந்த வீரர்களையும் பார்த்தார். எல்லாப் பக்கமும் இரும்பு வைத்தால் குதிரை இழுக்காதே என்று தளவாய் முனகியது யார் காதிலும் விழவில்லை. பிள்ளை ஏறும்படி வண்டியைச் செய்த பிறகு போரைப் பற்றிப் பேசலாம் என்று ராஜா உத்தரவு போட்டார். பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இதெல்லாம் நேற்றே தெரியும். விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னால் நகைச்சுவை, மகாராஜா. பெற்றவர் சொன்னால்தான் அது வண்டியின் லட்சணம்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். என்ன வேண்டுமோ கேள் என்றார். முன்தகட்டில் ஒரு துண்டு வெட்டித் தந்தால் போதும், மகளின் தொட்டிலுக்குக் கொக்கி அடித்துக்கொள்வேன் என்றான் ஏகாம்பரம்.

"இரும்பு நல்ல இரும்புதான், மகாராஜா. போன இடம்தான் சரியில்லை."