ஒத்திகையில் வெந்த சோறு

மறுநாள் ஊர்ச்சபையில் பேசவிருந்த மிராசுதார் அம்பலவாணர், ஒத்திகை பார்க்க அடுக்களைக்கே வந்துவிட்டார். கேட்பதற்குச் சமையற்காரி செங்கமலத்தை உட்காரவைத்தார்.

"நான் முடிக்கும்வரை நீ அசையக் கூடாது. முடித்ததும் இலையில் சுடச்சுடச் சோறு விழ வேண்டும். தவறினால் உன் வேலை போயிற்று!"

"உத்தரவு எஜமான்" என்ற செங்கமலம், கொதிக்கும் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுக் கைகட்டி அமர்ந்தாள்.

அவர் பேசினார், பேசினார், பானை தீய்ந்து புகை கண்ணைக் கரித்த பிறகே முடித்தார். அவள் எழுந்து, கருகியதைச் சுடச்சுட இலையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"சோறுதான் எஜமான். குளத்தைத் தூர்வார வேண்டும் என்றீர்களே, அப்போதே பதமாக வெந்துவிட்டது. அதன்பிறகுதான் உங்கள் பேச்சில் பாட்டனார் பிறந்தார். எழுந்து இறக்க எனக்கு உத்தரவில்லை."

மறுநாள் சபையில் மிராசுதார் பேச்சைக் குளத்தோடு முடித்துக்கொண்டார். ஊரே கைதட்டியது. பாட்டனார் பிறக்கவேயில்லை; செங்கமலத்தின் வேலையும் போகவில்லை.