முதல் தேத்தண்ணி படைத்த சன்னாசியார்

பேராக் நாட்டில் ஈயம் தோண்டிய காலத்தில், சுங்கை தீமா என்னும் சிற்றூரின் கடைவீதியில் சீனர்களின் குத்துவரிசைக் கூடம் ஒன்று இருந்தது. அந்தக் கூடத்தில் தரை பெருக்கி, கரியடுப்பு மூட்டி, வெந்நீர் வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தவர் சன்னாசியார். ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அடுப்பை ஊதிவிட்டு வாசலுக்குப் போவார். வாசலில் ஒன்றுமில்லை என்று திரும்புவார். கேத்தலைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடியும் வாசலுக்குப் போவார். தண்ணீர் கொதிப்பதற்குள் அந்தக் கூடத்தை அவர் கால்கள் பலமுறை அளந்துவிடும். அப்படி அலைந்தபடியேதான் விடியற்காலையில் தேநீர் வடித்து, மாடத்தில் இருந்த சாமிக்கு மூன்று கிண்ணம் வைத்துக் கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் தாமும் ஒரு வாய் குடிப்பார்.

இந்தத் தவிப்பு அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முன்பு அவர் கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மனைவி அங்கம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினார். வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். வந்து சேர்ந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் பெண்கள் தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அன்று நின்றிருக்க வேண்டிய ஓட்டம் நிற்கவே இல்லை. எங்கோ போய்ச் சேரவேண்டியது இன்னும் மிச்சம் இருப்பதுபோல அவர் கால்கள் போய்க்கொண்டே இருந்தன.

அப்படிப் போனவர்தான் ஒரு மழை நாளில் கடைவீதி நடைபாதையில் ஒதுங்கினார். கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே மாடத்தில் சிவந்த முகமும், மார்புவரை தொங்கும் தாடியும், கையில் நீண்ட வாளுமாக ஒரு சாமி நின்றார். குவான் கோங் என்று சீனர்கள் வணங்கும் வீரத் தெய்வம் அவர். சன்னாசியாருக்கு அதெல்லாம் தெரியாது. தோட்டத்து எல்லையில் காவல் நின்ற முனியாண்டியின் கண்களே அந்த முகத்தில் தெரிந்தன.

"அடடா, நீ இங்கயா வந்து நிக்கிற? உன்ன விட்டுட்டு வந்துட்டேனேன்னுல்ல நெனச்சேன்!" என்று நனைந்த வேட்டியோடு அங்கேயே விழுந்து கும்பிட்டார்.

கூடத்தின் ஆசான் லியோங் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசானைச் சீனர்கள் சிஃபு என்பார்கள். யார், என்ன என்று கேட்காமல் ஒரு கிண்ணம் சூடான தேநீர் கொடுத்தார். மறுநாள் துடைப்பத்தையும் கொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டது சந்தை மலாய் மொழியில். இங்கே அதைத் தமிழில் சொல்கிறோம்.

அந்தக் கூடத்தில் முதல் பாடம் நிற்பது. குதிரை மேல் அமர்ந்தவர்போலக் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் வேறெதுவும் கற்பதில்லை. "அடிக்கிறதெல்லாம் கடைசில வரும். வெளிய நிக்கிறப்ப உள்ள ஓடணும். வெளிய ஓடுறப்ப உள்ள நிக்கணும். இது ரெண்டும் வந்துட்டா உன்ன யாரும் தள்ள முடியாது" என்பார் சிஃபு. எதிரியின் பலத்தோடு மோதாமல் அதற்கு வழிவிட்டு, அவனுடைய வேகத்தாலேயே அவனை விழச் செய்வது அவர் கலை.

நிற்கக் கற்றால் தம் தவிப்பு தீருமோ என்று சன்னாசியாருக்கு ஓர் ஆசை. கேட்டார். சிஃபுவும் சரியென்றார். ஊதுபத்தியின் நுனி சாம்பலாகி உதிர்வதற்குள் சன்னாசியார் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். மூத்த மாணவர் ஆ ஹோய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிஃபு, இவருக்குக் குதிரை நிலை வேணாம். நிஜக் குதிரையே வாங்கிக் குடுத்துடுங்க. ஊரச் சுத்தட்டும்!"

"வாங்கிக் குடுத்தா அதுக்கும் நாந்தாங்க புல்லு வெட்டணும்," என்று சொல்லிவிட்டு சன்னாசியார் கேத்தலோடு நடந்தார். ஆ ஹோய் போகிற போக்கில் அவர் தோளை லேசாகத் தள்ளுவார். சன்னாசியார் தடுமாறி விழுவார், எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார். அந்த விளையாட்டு நாள்தோறும் நடந்தது. அவர் முகம் ஒருநாளும் சுருங்கியதில்லை. கேலி செய்தவர்களுக்கும் சூடு குறையாமல் தேநீர் ஊற்றினார்.

இனி அந்தத் தேநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் துன்பமும் அருளும் அவருக்கு அதன் வழியாகவே வந்தன. சுரங்கத்துச் சீனர்கள் குடித்தது, மூங்கில் கூடையில் அடைத்துப் பல வருடம் வைத்த கறுப்புத் தேயிலை. பழைய இலையில் தூசி இருக்கும். ஆகையால் முதலில் ஊற்றும் வெந்நீரில் இலையைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். இரண்டாவது தண்ணீரிலிருந்துதான் குடிப்பார்கள். கொட்டுகிற தண்ணீரைச் சும்மா கொட்டாமல், தேநீர்த் தட்டில் இருக்கும் களிமண் தேரை பொம்மையின் தலையில் ஊற்றுவது அவர்கள் வழக்கம். நாள்பட நாள்பட அந்த மண்ணுக்கு ஒரு மினுமினுப்பு வரும்.

சன்னாசியாருக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. முதலில் வடித்ததைச் சிலையின் தலையில் ஊற்றுகிறார்கள் என்பதை மட்டும் அவர் பார்த்தார். அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டார். "தேரைக்கே மொத தண்ணின்னா, மேல நிக்கிற பெரியவருக்கு அதுக்கு முந்தியில்ல குடுக்கணும்?" என்று தமக்குள் ஒரு நியாயம் கட்டினார். அன்றிலிருந்து முதல் தண்ணீரை மூன்று கிண்ணத்தில் பிடித்து மாடத்தில் வைத்தார். மிஞ்சியதைத் தேரைக்கு ஊற்றினார். பல வருடம் இப்படியே நடந்தது. விடியலில் அவர் தனியாகச் செய்த பூசையை யாரும் கவனிக்கவில்லை.

தமிழ் மக்களிடமும் அவர் பேச்சு வாங்காமல் தப்பவில்லை. எதிர்ச் சாரியில் காப்பிக்கடை வைத்திருந்த வெள்ளையம்மாள் அவரைக் கண்டால் விடமாட்டார்.

"ஏண்ணே, நம்ம மாரியாத்தா என்ன கொற வச்சா? சீனத்துச் சாமிக்கு நீ தமிழ்ல சொன்னா வெளங்குமா?"

"நான் எங்கம்மா பேசுறேன்? தேத்தண்ணிய வக்கிறேன். சூடா இருக்குன்னு அவருக்கே வெளங்குது."

"உன்ன வச்சுக்கிட்டு என்னதான் செய்யிறது! உக்காந்தாவது பேசிட்டுப் போண்ணே."

அதற்குள் அவர் பாதி வீதியைத் தாண்டியிருப்பார்.

ஒருநாள் ஆ ஹோய் பயிற்சிக்கு வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். சன்னாசியார் இலையில் வெந்நீர் ஊற்றி, உடனே வடித்து, அந்தக் கலங்கல் தண்ணீரைக் கிண்ணங்களில் பிடித்து மாடத்தில் வைப்பதைக் கண்டார். அவர் போட்ட சத்தத்தில் வீதியே கூடிவிட்டது.

"என்ன காரியம் பண்ற நீ! தூசி கழுவுன தண்ணிய சாமிக்கா வக்கிற?"

"மொத தண்ணிங்க. மொதல்ல வர்றது சாமிக்குத்தானுங்களே," என்றார் சன்னாசியார். தாம் செய்த தவறு என்னவென்றே அவருக்கு விளங்கவில்லை.

"அது கால் கழுவுற தண்ணி மாதிரி! எத்தன நாளா இப்படி?"

"வந்த நாளு மொதலா."

கூட்டத்தில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். இவ்வளவு காலம் சாமியை அவமதித்திருக்கிறோமே என்று பெரியவர்கள் நடுங்கினார்கள். சிஃபு மாடத்தையும் சன்னாசியாரையும் மாறி மாறிப் பார்த்தார். தம் கூடத்தில் நேர்ந்த பிழைக்கு வெட்கி, தலை குனிந்து உள்ளே போய்விட்டார். ஆ ஹோய் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினார்.

சன்னாசியார் கெஞ்சவில்லை. "எனக்குத் தெரியாமப் போச்சுய்யா. மனசுல வச்சுக்காத. ஆனா நேரத்துக்கு யாராச்சும் உனக்குச் சூடா குடுக்கணுமே," என்று மாடத்தைப் பார்த்துச் சொன்னார். அது ஒன்றுதான் அவர் கவலை.

வெள்ளையம்மாள் மனம் கேளாமல் தம் கடையில் கோப்பை கழுவ வைத்துக்கொண்டார். ஆனால் சன்னாசியார் அங்கே ஒரு வாய் தேநீர்கூடத் தொடவில்லை.

"சாமிக்கு நான் குடுக்கல. அப்புறம் நான் மட்டும் எப்பிடிம்மா குடிக்கிறது?"

"தொரத்திவிட்டவன் சாமிக்கா இவ்வளவு பாடு? அந்தச் சாமி ஒரு வார்த்த உனக்காகப் பேசிச்சா?"

"அவரு எங்க தொரத்துனாரு? ஆளுகதானே தொரத்துனாங்க."

கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு வருவார். கூடத்துக் கதவைப் பார்ப்பார். இந்தச் சாரியில் கடைசிக் கடைவரை நடப்பார், திரும்புவார். அடுப்பில் இப்போது தண்ணீர் கொதித்திருக்குமா, இலை போட்டிருப்பார்களா, ஆறிப்போனதை வைத்திருப்பார்களா? மீண்டும் நடப்பார். முன்பு அவரை அலைக்கழித்த தவிப்பைவிட இது கொடியதாக இருந்தது.

சீனர் கணக்கில் ஆறாம் மாதம் குவான் கோங்கின் திருநாள் வந்தது. அன்று கூடத்தார் சிங்க வேடம் கட்டி வீதி சுற்றுவார்கள். புறப்படுமுன் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் முதுகுபோல வளைந்திருக்கும். வேண்டிக்கொண்டு தரையில் வீசினால், ஒன்று தட்டையும் ஒன்று முதுகுமாக விழ வேண்டும். அதுவே உத்தரவு. இரண்டும் முதுகு காட்டினால் மறுப்பு. இரண்டும் தட்டை காட்டினால் சாமி கேள்வியைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று பொருள்.

சிஃபு வீசினார். மறுப்பு. மறுபடி வீசினார். சிரிப்பு. மேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார்கள். கோழி குறைந்ததா என்று கேட்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாடியதா, வந்தவர்களில் எவருக்காவது தீட்டா என்று கேட்டார்கள். கட்டைகள் மறுத்தன, சிரித்தன, மறுபடி மறுத்தன. வெயில் ஏறியது. சிங்கத் தலையைச் சுமந்து நின்ற ஆ ஹோயின் தோள் நடுங்கத் தொடங்கியது. உத்தரவில்லாமல் திருநாள் நின்றுபோனால் அந்த ஆண்டு சுரங்கத்தில் இறங்கவே ஆட்கள் அஞ்சுவார்கள்.

"தேத்தண்ணியில குத்தமா?" என்று கேட்டு வீசினார் சிஃபு.

ஒன்று தட்டை, ஒன்று முதுகு.

கூட்டம் மூச்சுவிட்டது. ஆ ஹோய் சிங்கத் தலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிப்போய், அன்றைக்கென்றே வாங்கிவைத்த உயர்ந்த இலையைக் கழுவி, இரண்டாவது தண்ணீரைப் பொன்னிறமாக வடித்து வைத்தார். இதுவா என்று கேட்டதற்குக் கட்டைகள் இரண்டும் தட்டை காட்டி ஆடின. சாமி சிரித்தார்.

சிஃபு கட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, இலை கழுவிய கலங்கல் தண்ணீர் இருந்த சட்டியை எடுத்தார். தம் கையாலேயே ஒரு கிண்ணத்தில் ஊற்றி மாடத்தில் வைத்தார். பெரியவர்கள் பதறினார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

"இதுவா?"

ஒன்று தட்டை, ஒன்று முதுகு.

"ஊத்த வேண்டியது அவனா?"

அதே உத்தரவு. பெரிய காரியத்துக்கு மூன்று தரம் கேட்பது முறை என்பதால் இரண்டு கேள்விகளையும் மேலும் இரண்டு தரம் கேட்டு வீசினார். அதுவே மீண்டும் மீண்டும் விழுந்தது. சிஃபுவின் கண்கள் கலங்கின.

"ஆ ஹோய், நான் அவன் காலத்தான் பாத்தேன். ஓடுறப்ப உள்ள நிக்கணும்னு தெனமும் உங்களுக்குச் சொன்னேன். அப்படி ஒருத்தன் என் கண்ணு முன்னாடி கேத்தலத் தூக்கிட்டு நடந்துக்கிட்டு இருந்தான். எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு, பட்டு அங்கியோடு வெயிலில் இறங்கி வீதியைக் கடந்தார். எதிர்ச் சாரியில் சன்னாசியார் நடந்துகொண்டிருந்தார்.

"சன்னாசி, நில்லு!"

"நிக்க வரலீங்க சிஃபு. மேளச் சத்தமே கேக்கலியே, என்னமோ ஏதோன்னு மனசு அடிச்சுக்குது."

"சரி, நட. நானும் வர்றேன்," என்று முதியவரும் கூடவே நடந்தார். கடைசிக் கடைவரை போய் இருவரும் திரும்பினார்கள். "சாமி உன் கையால தேத்தண்ணி கேக்குறாரு."

"இந்தத் தடவ சரியா செஞ்சுடுறேங்க. ரெண்டாவது தண்ணிதானே?"

"மொத தண்ணி. அவருக்கு அதுதான் வேணுமாம். மூணு தரம் கேட்டுட்டேன்."

சன்னாசியார் நின்றார். நட்டநடு வீதியில், கை கால் அசையாமல், கண்ணீர் வழிய அப்படியே நின்றார். வெள்ளையம்மாள் கடை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடியே சன்னாசியார், "ஐயோ, பசியோட இருப்பாரே!" என்று கூவிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

ஆ ஹோய் அடுப்பின் முன் மண்டியிட்டுக் கரியை ஊதினார். சன்னாசியார் வடித்த முதல் தண்ணீர் ஆவி பறக்க மாடத்துக்கு ஏறியது. எவரும் கட்டையைத் தொடவில்லை. அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேளம் முழங்கியது.

அதன்பின் நெடுங்காலம் சன்னாசியார் அந்தக் கூடத்தில் தொண்டு செய்தார். அவர் கால்கள் கடைசிவரை அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று அவரிடம் யாரும் பிறகு கேட்கவுமில்லை. முறை அறியாத அன்பை முறையாகவே ஏற்றுக்கொண்ட தெய்வத்தையும், ஓயாத கால்களோடு ஓரிடத்திலேயே நெஞ்சை வைத்திருந்த அந்த எளிய அடியாரையும் நாமும் ஒரு நிமிடம் கைகூப்பி நினைப்போம்.