கரடி விட்டெறிந்த பலாப்பழங்கள்

காட்டாற்று வெள்ளத்தில் முறிந்து வந்த பலா மரத் துண்டு ஒன்று மடுவின் நடுவே அசையாமல் மிதந்தது. அதன்மேல் ஒரு கரடியும் ஒரு மரநாயும் மாட்டிக்கொண்டிருந்தன. மரத்தில் இன்னும் ஒரு பிஞ்சும் ஒரு பெரிய காயும் ஒரு பழமும் தொங்கின.

"கரை இருபது முழம்தான்! நீந்திவிடலாம், தங்கச்சி!" என்றது கரடி.

"ஐயோ அண்ணே, அங்கே பாருங்கள்!" என்று நடுங்கியது மரநாய்.

தண்ணீருக்குமேல் இரண்டு கண்கள். முதலை!

கரடி பதறிப்போய், மரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கொம்பைப் பிடித்துத் தள்ளியது. மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"மரத்தின்மேல் நின்றுகொண்டு மரத்தையே தள்ளினால் எப்படி நகரும்? சும்மா கிடப்பதை வெளியிலிருந்து ஏதாவது தள்ள வேண்டும் அண்ணே!"

"வெளியில் யார் இருக்கிறார்கள்? முதலைதான்!"

"பலாக்காய் இருக்கிறதே! பறித்துப் பின்னால் வீசுங்கள். நீங்கள் அதைத் தள்ளும்போது அதுவும் உங்களைத் தள்ளும்!"

கரடி பிஞ்சு ஒன்றைத் திருகி மெல்லப் போட்டது. மரம் லேசாக அசைந்து நின்றுவிட்டது.

"பார்த்தாயா? பலனில்லை!"

"நாம் இவ்வளவு கனம். சின்னதை மெதுவாகப் போட்டால் போதுமா? பெரியதை முழுப் பலத்தோடு வீசுங்கள்!"

கரடி பெரிய காயைப் பிடுங்கி வீசியது. மரம் சரசரவென்று கரையை நோக்கி ஓடியது. முதலையும் பின்னால் வந்தது.

கடைசியில் இருந்தது கனிந்த பழம். அதன் வாசனை கரடியின் மூக்கைத் துளைத்தது. கரடி அதைப் பறித்துக் கட்டிக்கொண்டது.

"மரந்தான் ஓடுகிறதே! இது எனக்கு!"

"தண்ணீர் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது! வேகம் குறைவது தெரியவில்லையா?"

கரைக்கு ஐந்து முழம் இருக்கையில் மரம் நின்றேபோனது. முதலை வாயைத் திறந்தது. அதன் பற்களைக் கரடி எண்ணிவிடலாம்.

"வீசுங்கள் அண்ணே! வீசுங்கள்!"

கரடி கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓங்கி வீசியது. மரம் பாய்ந்து கரையில் மோதி நின்றது. கரடியும் மரநாயும் நிற்கவில்லை! ஓடி வந்த வேகத்தில் தலைகுப்புறப் போய்ச் சேற்றில் விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் முதலையின் வாய் வெறும் மரத்தைக் கவ்வியது.

எதுவும் தானாக நகராது. ஒன்றை எவ்வளவு பலமாகப் பின்னால் தள்ளுகிறோமோ அந்த அளவுக்கே முன்னால் போவோம் என்பதால், பிடித்ததைக் கைவிட மனமில்லாதவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.