பத்துக்கு நாலு புலி

மஞ்சுமலைச் சோலையில் மிருகங்கள் ஒரு பல்கலைக்கழகம் நடத்தி வந்தன. அந்தச் சோலையில் வெயில் விழுந்து யாரும் பார்த்ததில்லை. பகலிலும் மூடுபனி. பக்கத்தில் நிற்பது மரமா மிருகமா என்று தெரியாது.

அங்கே மென்கணிமை என்று ஒரு புதிய படிப்பு வந்தது. அதைக் கற்றுத் தந்தவர் தேவாங்குப் பேராசிரியர். யாருக்கும் எட்டாத உயரமான கிளையில் உட்கார்ந்து, முட்டைக் கண்களை உருட்டிக்கொண்டு பாடம் நடத்துவார்.

"உண்டு, இல்லை என்பது பாமரர் பேச்சு! எவ்வளவு உண்டு என்பதே படித்தவர் பேச்சு! பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கள்!"

அந்த வகுப்பில் ஒரு சருகுமான் படித்தது. முன்பெல்லாம் ஒரு இலை அசைந்தாலும் அது ஓட்டம் பிடிக்கும். இரண்டு வாய் மேய்வதற்குள் நான்கு ஓட்டம். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். படிக்க வந்த பிறகு, "இந்தச் சலசலப்பில் ஆபத்து பத்துக்கு இரண்டு" என்று கணித்துவிட்டு நிம்மதியாக மேய்ந்தது. உடம்பும் தேறியது.

சருகுமான் குலத்தில் அதுவரை பட்டம் வாங்கியவர் யாருமில்லை. "பயந்தாங்கொள்ளிக்குப் படிப்பு ஒரு கேடா?" என்று கூடப் படிக்கும் மிளா மான் அதைக் கேலி செய்யும். எப்படியாவது பட்டம் வாங்கி அந்த வாயை அடைக்க வேண்டும் என்று சருகுமான் வைராக்கியமாக இருந்தது.

ஒரு நாள் காலை பறவைகள் எல்லாம் சட்டென்று அடங்கின. பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம் ஐயா. எனக்கும் படிக்க ஆசை."

தேன் தடவிய குரல். உருவம் சரியாகத் தெரியவில்லை.

புலிக்கு மட்டும் இடமில்லை என்பது பல்கலைக்கழகத்தின் சட்டம். தேவாங்குக்கு ஒரே உற்சாகம். "இது நல்ல செய்முறைத் தேர்வு! வந்தவர் எவ்வளவு புலி என்று ஆளுக்கொரு அம்சத்தை அளந்து மதிப்பெண் போடுங்கள். சராசரி ஐந்தைத் தாண்டினால் புலி. தாண்டாவிட்டால் இடம் உண்டு!"

கீரி வரிகளைப் பார்த்து ஒன்பது போட்டது. முள்ளம்பன்றி நகத்தைத் தேடியது; உள்ளே இழுத்து வைத்திருந்ததால் ஒன்று போட்டது. முயல் குரலுக்கு ஒன்று போட்டது. குனிந்து நின்ற பணிவைப் பார்த்து மிளா பூஜ்யம் போட்டது.

வாடையை அளக்கும் வேலை சருகுமானுக்கு. மூக்கில் ஏறியதுமே அதன் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. பத்து என்று சொல்ல வாயெடுத்தது. பத்து என்றால் பாமரன் என்பார்களே! எட்டு என்று சொன்னது.

"மொத்தம் பத்தொன்பது. சராசரி நாலுக்கும் குறைவு!" என்றார் தேவாங்கு. "வா அப்பா, கடைசி வரிசையில் உட்கார்!"

மறுநாள் முயலைக் காணவில்லை. அதற்கடுத்த நாள் முள்ளம்பன்றியைக் காணவில்லை. புதிய மாணவனின் கடைவாயில் ஒரு முள் நின்றது.

"அது என்ன?" என்று கீரி கேட்டது.

"பல் குத்தினேன், தம்பி" என்றது புதிய மாணவன்.

மூன்றாம் நாள் மிளாவின் இடமும் காலியாகக் கிடந்தது. தேவாங்கு வருகைப் பதிவு எடுத்தார்.

"முயல்!"

"உள்ளேன் ஐயா" என்று பனிக்குள்ளிருந்து முயலின் குரல் கேட்டது.

"முள்ளம்பன்றி!"

"உள்ளேன் ஐயா."

"மிளா!"

"உள்ளேன் ஐயா." அச்சு அசல் மிளாவின் குரல். கடைசி வரிசையிலிருந்து வந்தது.

சருகுமான் துள்ளி எழுந்தது. "ஐயா! அவர்கள் யாரும் இங்கே இல்லை!"

"இல்லை என்று சொல்லாதே, பெண்ணே! எவ்வளவு இல்லை?" என்று அதட்டினார் தேவாங்கு. "உடம்பு தெரியவில்லை, குரல் கேட்கிறது. பத்துக்கு ஐந்து வருகை. போதும்."

"அப்படியானால் மறுமதிப்பீடு செய்யுங்கள் ஐயா! அவன் புலி!"

"தாராளமாகச் செய்வோம். வரி?"

"ஒன்பது" என்றது கீரி.

"வாடை?"

"பத்து!" என்று கத்தியது சருகுமான். "பத்து, ஐயா!"

"நகம்?"

"பூஜ்யம்" என்றது முள்ளம்பன்றியின் குரல்.

"குரல்?"

"பூஜ்யம்" என்றது முயலின் குரல்.

"பணிவு?"

"எப்போதும் பூஜ்யம்தான் ஐயா" என்றது மிளாவின் குரல்.

தேவாங்கு கைதட்டினார். "அதே பத்தொன்பது! ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறினாலும் சராசரி மாறவில்லை பார்த்தாயா? இதுதான் மென்கணிமை!"

"ஐயா, அளந்த பிறகு ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டுமே, அந்தப் பாடம் எப்போது?" என்று சருகுமான் கேட்டது.

"அதுவா? அடுத்த பருவத்தில்."

சருகுமான் கீரியைப் பார்த்தது. "வா தம்பி, போய்விடலாம்."

"நாளைக்கே பட்டம் அக்கா! இப்போது போனால் இத்தனை நாள் படித்தது வீண்."

சருகுமானுக்கும் அந்த ஆசை நெஞ்சைப் பிடித்து இழுத்தது. மிளாவின் கேலி காதில் ஒலித்தது. கேலி செய்த மிளா எங்கே போயிற்று என்பதும் நினைவுக்கு வந்தது. சருகுமான் எகிறிக் குதித்து ஓடியது.

பின்னால் காலடி ஓசையே இல்லை. காதருகே குரல் மட்டும் கேட்டது. "தங்கச்சி! வகுப்பு இன்னும் முடியவில்லையே!"

சரிவில் இருந்த பாறை இடுக்குக்குள் சருகுமான் பாய்ந்து புகுந்தது. அதன் பின்னாலேயே ஒரு பெரிய பாதம் உள்ளே வந்து துழாவியது. ஐந்து நகங்கள் பாறையைக் கீறின. ஒன்று அதன் வால் மயிரைத் தொட்டது. பிறகு பாதம் மெதுவாக வெளியே போயிற்று. "சரி, உனக்கும் நானே வருகை கொடுத்துவிடுகிறேன்" என்றது குரல்.

நாலாம் நாள் பட்டமளிப்பு. இடுக்குக்குள் பதுங்கியிருந்த சருகுமான் எட்டிப் பார்த்தது. கீரி இல்லை. தேவாங்கு மரப்பட்டைச் சுருள்களைக் கையில் வைத்திருந்தார்.

"மற்றவர்கள் எங்கே?"

"கூச்சப்பட்டுக்கொண்டு என் பின்னால் நிற்கிறார்கள் ஐயா. எல்லோருக்கும் சேர்த்து நானே வாங்கிக்கொள்கிறேன். கைதான் எட்டவில்லை. கொஞ்சம் இறங்குங்கள்."

தேவாங்கு ஒரு கிளை இறங்கினார்.

"இறங்காதீர்கள் ஐயா!" என்று இடுக்கிலிருந்து சருகுமான் அலறியது. "அது புலி!"

தேவாங்கு நின்றார். இத்தனை நாளும் மேல்கிளையில் இருந்தவருக்கு அந்த வாடை எட்டியதே இல்லை. இப்போது மூக்கில் அடித்தது.

"எட்டு இருக்குமோ?" என்று முணுமுணுத்தார். "ஒன்பதோ? இன்னும் ஒரு கிளை இறங்கினால் துல்லியமாகச் சொல்லிவிடலாம்."

இறங்கினார்.

பனி ஒரு முறை அசைந்தது. பட்டைச் சுருள்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. அதன் பிறகு சோலையில் ஒரு சத்தமும் இல்லை.

ஆபத்தை அளக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நேரத்தில் முடிவெடுக்கத் தெரியாதவனை அவன் படிப்பு காப்பாற்றாது.