ஓக்லஹோமாவில் ஒரு செங்கொடி

கோவில்பட்டியில் தங்கபுஷ்பத்தின் பிளெக்ஸ் கடைக்கு அன்று மத்தியானம் தோழர் வெயிலுமுத்து வந்தது போர்டு அடிக்கத்தான். ஆனால் மாவட்டச் செயலாளர் அம்புரோஸ் மாநாட்டு பேனருக்காக அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தது தெரிந்துதான் அந்த நேரமாகப் பார்த்து வந்தார் என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கில்லை. நகராட்சித் தேர்தலில் ஒன்பதாவது வார்டில் கட்சி யாரை நிறுத்துவது என்பதை அம்புரோஸ்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் அன்றைக்கே. நாற்பது வருஷமாகக் கட்சிக்கு உண்டியல் குலுக்கிய வெயிலுமுத்துவுக்கு அந்த சீட் வேண்டும். நான்கு நாளாகச் சோறு இறங்காத அளவுக்கு வேண்டும்.

"உங்க படத்துக்குக் கீழ என்ன போட அண்ணாச்சி?" என்றாள் தங்கபுஷ்பம், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"'அமெரிக்க செனட்டரை உருவாக்கிய செம்மல்'னு போடும்மா."

அவள் கை நின்றது. "யாரை உருவாக்குனீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தானே மனுஷர் காத்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சைத் தங்கபுஷ்பத்திடமும் பார்வையை அம்புரோஸிடமுமாக வைத்து ஆரம்பித்தார்.

போன வருஷம் ஓக்லஹோமாவில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஆறு மாசம் போயிருந்தாரல்லவா? போன மறுநாளே வாக்கிங் கிளம்பியவர் அப்படியே நின்றுவிட்டாராம். தெருவெல்லாம் சிவப்பு. வீட்டுக்கு வீடு வாசலில் சிவப்புப் போர்டு. நம்ம கட்சி நமக்கே சொல்லாமல் இங்கே வந்து வளர்ந்திருக்கிறதே என்று அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நேரே கட்சி ஆபீசுக்குப் போய், "தோழரே!" என்று கையை உயர்த்தினார். உள்ளே சிவப்பு டை கட்டிய ஒரு நெட்டை மனிதர் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பெயர் ஹாலோவே. முப்பது வருஷமாகத் தேர்தலில் நிற்கிறார், தண்ணீர் வாரியத்தைத் தாண்டி ஒரு அடி ஏறவில்லை.

"பார்த்தேன். 'தம்பி, உன்கிட்ட சரக்கு இருக்கு, எடுத்து விடத்தான் ஆள் இல்ல'ன்னேன். முதல் வேலையா ஆரத்தி ஏற்பாடு பண்ணேன்."

"ஓக்லஹோமாவுலயா?"

"முந்நூறு வெள்ளைக்காரப் பொம்பளைங்க, கையில தட்டோட வரிசையா நிக்காங்க. கற்பூரத்தை ஏத்துனதுதான் தாமதம், அந்த ஊர் வீடுகள்ல புகைக்கு அடிக்கிற மணி இருக்கே, தெரு பூரா ஒண்ணா அடிச்சிருச்சு. நாப்பது தீயணைப்பு வண்டி ஓடி வருது. விடுவனா? முதல் வண்டி மேல ஹாலோவேயை ஏத்தி நிப்பாட்டி, அதையே ஊர்வலமா ஆக்கிட்டேன். வண்டியும் எல்லாம் சிவப்பு பாரு, பொருத்தமாப் போச்சு. மாநில சட்டசபை நம்ம கையில."

தங்கபுஷ்பம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். போர்டு இனி இப்போதைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்தது பாராளுமன்றம். அமெரிக்காவில் சுவர் விளம்பரம் எழுதத் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. வெயிலுமுத்து சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக இறங்கினார். வெள்ளையடித்து, நான்கு மூலையிலும் கட்சிப் பெயரை எழுதி, 'இந்தச் சுவர் பத்து வருஷத்துக்கு ரிசர்வ்' என்று போட்டுக்கொண்டே போனார். ஊரில் சுவர் தீர்ந்தது. மாநிலத்தில் தீர்ந்தது.

"பெறகு?"

"கிராண்ட் கேன்யன்னு ஒரு பள்ளத்தாக்கு. ஒரு மைல் ஆழத்துக்குச் செங்குத்தாப் பாறை. அவ்வளவு பெரிய சுவரைச் சும்மா விட்டுட்டு வர மனசு கேக்குமா?"

"அது வேற மாநிலம்லா அண்ணாச்சி?"

"ஓட்டு வேற மாநிலம். சுவர் பொதுதான். எதிர்க்கட்சிக்காரன் கயித்துல தொங்கிக்கிட்டு வந்து பார்க்கான், அடி வரைக்கும் ரிசர்வ். அங்கேயே அழுதுட்டான்."

அம்புரோஸின் மீசை லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பென்று கணக்குப் பண்ணிய வெயிலுமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சீட் பாதி கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்தார். எழுந்து நின்றுகொண்டார்.

"மூணாம் மாசம் ஆளு செனட்டர். அங்க ஒரு மசோதா வருது, அதை நிறுத்தியாகணும். பேச எந்திரிச்சவன் உக்காராம எத்தனை நாள் வேணும்னாலும் பேசலாம், அதுவரைக்கும் ஓட்டெடுப்பு கிடையாதுன்னு அங்க ஒரு வசதி. நம்ம ஹாலோவே ரெண்டு மணி நேரத்துலயே வறண்டுட்டான். பார்வையாளர் மாடியில இருந்து நான் கத்தினேன், 'அடேய், விஷயத்துக்கு ஏம்டா போற? அவர்களேயைப் போடு!'"

"எந்த அவர்களே?"

"தலைமை வகிக்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே! நூறு செனட்டர். ஆளுக்கு நாலு பட்டம், முன்னாள் பொறுப்பு, இந்நாள் பொறுப்பு, கூட வந்த கிளைச் செயலாளர், மைக் செட் வச்சவர், எல்லாரையும் விளிச்சு முடிக்கவே ஒன்பது நாள் ஆச்சு. பேச்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மசோதா கிடந்து செத்தே போச்சு!"

தங்கபுஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படி என்னதான் மசோதா அண்ணாச்சி அது?"

வெயிலுமுத்து பேச்சின் வேகத்தில் இருந்தார். "கூலிக்காரங்களுக்குக் கூலியை ஏத்துற மசோதா."

அம்புரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"தோழர், அங்க சிவப்பு வலதுசாரிகளோட கலர். அந்த ஹாலோவே அசல் பழமைவாதி. முதலாளிங்க ஆளு."

வெயிலுமுத்து தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதெல்லாம் நிஜம்னா, சீட் இருக்கட்டும், கட்சியிலயே உங்களுக்கு இடமில்ல. புளுகுன்னா சொல்லுங்க, பேரை எழுதுறேன். எது?"

பாவம், மனுஷர் தவித்துப்போனார். பிறந்ததிலிருந்து தன் வாயால் தன்னைப் பொய்யன் என்று சொன்னதில்லை. கிராண்ட் கேன்யனை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் ஒன்பதாவது வார்டு ஆயிற்றே.

"புளுகு தோழர்," என்றார். ஒருமுறை சொன்னபின் அதுவும் சுலபமாக வந்தது. "அத்தனையும் புளுகு. ஹாலோவேயும் இல்ல, ஆலிவ் எண்ணெயும் இல்ல. நான் அமெரிக்காவே போகல. பிளேன் எப்படி இருக்கும்னே தெரியாது. அவ்வளவு ஏன், எனக்கு மகளே கிடையாது!"

"அண்ணாச்சி! அவ கல்யாணத்துக்கு நான்தான போர்டு அடிச்சேன்!"

"எனக்குக் கல்யாணமே ஆகல," என்றார் வெயிலுமுத்து, அசராமல்.

அம்புரோஸ் பையிலிருந்து தாளை எடுத்து, ஒன்பதுக்கு நேராக அவர் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"நல்லவேளை சொன்னீங்க தோழர். உங்க மகள்னு ஒரு பொண்ணு காலையில ஓக்லஹோமாவுல இருந்து போன் பண்ணி, 'ஆறு மாசம் நாங்க பட்டது போதும் மாமா, எங்கப்பாவுக்கு மட்டும் சீட் குடுத்துராதீங்க'ன்னு அழுதுச்சு. நானும் நம்பிட்டேன்."